விவாதக் குழு வளரும்போது

பயிர்த் தொழிலில் புதிய செய்தி ஒன்று உழவரைச் சென்றடைய வழிகள் பல உள்ளன. விரிவாக்கப் பணியாளர் நேரில் வந்து சொல்லலாம், வானொலி சொல்லலாம், இதைப் போன்ற இதழ்கள் சொல்லலாம். ஆனால் கேட்ட செய்தியைத் தம் வயலில் செய்து பார்க்கும் துணிவு, பக்கத்து வயல்காரரோடு கலந்து பேசிய பின்னரே பெரும்பாலும் வருகிறது. ஆகவேதான் உழவர் விவாதக் குழுக்கள் ஊர்தோறும் அமைக்கப்பட்டன. குழு தொடங்குவது எளிது. அது வளர்ந்த பிறகு கெடாமல் காப்பதுதான் கடினமாகும். இக்கட்டுரை அந்தக் கடினமான பகுதியைப் பற்றியது.

கொடைக்கானலிலிருந்து மன்னவனூர், கவுஞ்சி வழியாகச் சென்றால், மேல்மலையின் மேற்குக் கோடியில் உள்ள ஊர்களுள் ஒன்று போளூர். பூண்டு, உருளைக்கிழங்கு, காரட், பீன்ஸ் ஆகியவை இப்பகுதியின் முக்கியப் பயிர்கள். அங்கு பூண்டுப் பயிரைப் பற்றிப் பேசச் சென்றிருந்தேன். கூட்டம் முடிந்து தேநீர் அருந்தும்போது ஒரு பெரியவர் கேட்டார்: "சார், நாங்க பதினெட்டுப் பேரா உக்காந்து பேசினப்ப எல்லாரும் வாயைத் திறந்தோம். இப்ப அறுபது பேர் ஆயிட்டோம். நாலு பேர் பேசறாங்க, மத்தவங்க கேக்கறாங்க. கொஞ்ச நாளா கேக்கவும் வர்றதில்லை. எங்கே சார் தப்பு?"

பூண்டைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் விடை வைத்திருந்த எனக்கு இதற்கு உடனே விடை சொல்ல இயலவில்லை. ஊர் திரும்பிய பின் பழைய ஏடுகளைப் புரட்டிப் பார்த்ததில் கிடைத்தவற்றையும், என் சொந்த அனுபவத்தில் பட்டுத் தெரிந்தவற்றையும் இங்கு தருகிறேன்.

புனாவில் செய்து பார்த்தது

1956ஆம் ஆண்டு, அன்றைய பம்பாய் மாநிலத்தில், ஐந்து மாவட்டங்களைச் சேர்ந்த ஏறத்தாழ 150 கிராமங்களில் வானொலி உழவர் மன்றங்கள் அமைக்கப்பட்டன. யுனெஸ்கோ நிறுவனம் இதற்கு உதவிற்று. மன்றம் ஒன்றுக்குச் சுமார் இருபது பேர், ஒரு தலைவர், ஓர் அமைப்பாளர். புனா வானொலி நிலையம் வாரம் இருமுறை, அரை மணி நேரம் வீதம், பத்து வாரங்களில் இருபது நிகழ்ச்சிகளை ஒலிபரப்பியது. நிகழ்ச்சி முடிந்ததும் வானொலியை அணைத்துவிட்டு, கேட்டதைப் பற்றி மன்றத்தினர் பேசுவர். எழுந்த ஐயங்களை அமைப்பாளர் எழுதி நிலையத்துக்கு அனுப்புவார்.

இம்முயற்சியை டாட்டா சமூக அறிவியல் நிறுவனம் ஆய்வு செய்தது. ஆய்வை வழிநடத்தியவர் பால் நியூராத் என்ற அறிஞர். மன்றம் இருந்த ஊர்கள், வானொலிப் பெட்டி மட்டும் இருந்து மன்றம் இல்லாத ஊர்கள், இரண்டுமே இல்லாத ஊர்கள் என மூவகையாகப் பிரித்து, நிகழ்ச்சிக்கு முன்னும் பின்னும் உழவர்களின் அறிவு சோதிக்கப்பட்டது. மன்றம் இருந்த ஊர்களில் முன்னேற்றம் மிகுதி. வானொலிப் பெட்டி இருந்தும் மன்றம் இல்லாத ஊர்களிலோ முன்னேற்றம் சிறிதளவே. செய்தி காதில் விழுவது ஒன்று, அதைப் பேசி மனத்தில் இருத்துவது வேறொன்று என்பது இதனால் தெளிவாயிற்று.

1959 முதல் இத்திட்டம் நாடெங்கும் விரிவாக்கப்பட்டது. சில ஆண்டுகளில் மன்றங்களின் எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் உயர்ந்தது. எண்ணிக்கை உயர்ந்த அளவுக்கு அவற்றைக் கவனிப்பது உயரவில்லை. புனாவில் ஒவ்வொரு மன்றத்தையும் நேரில் சென்று பார்க்க ஆள் இருந்தது. பின்னர் அமைந்த பல மன்றங்களுக்கு அத்தகைய ஆள் கிடைக்கவில்லை. போளூரில் அந்தப் பெரியவர் சொன்ன கதையும் ஏறக்குறைய இதுவே.

கனடா நாட்டிலும் இப்படியொரு முயற்சி 1941 முதல் 1965 வரை நடைபெற்றது. அங்கு அண்டை வீட்டார் ஒருவர் வீட்டில் கூடி வானொலி கேட்டுப் பேசினர். தாங்கள் கண்ட முடிவை மாநிலச் செயலருக்கு எழுதி அனுப்பினர். அம்முடிவுகளின் சுருக்கம் வானொலியிலேயே வாசிக்கப்பட்டது. தாம் சொன்னது எங்கோ ஓரிடத்தில் கேட்கப்படுகிறது என்ற நம்பிக்கையே அவர்களை அடுத்த வாரமும் வரச் செய்தது எனலாம். நம் குழுக்களில் இது பெரும்பாலும் விடுபட்டுப் போகிறது.

இருபது என்னும் எண்

புனாவில் இருபது, நெல்லில் புகையானைக் கட்டுப்படுத்த 1989இல் இந்தோனேசியாவில் தொடங்கிய உழவர் வயல்வெளிப் பள்ளிகளில் 20 முதல் 30 பேர், அவர்களும் ஐந்தைந்து பேராகப் பிரிந்து வயலைப் பார்வையிடுவர், நம் மாநிலத்து மகளிர் சுய உதவிக் குழுக்களில் 12 முதல் 20 பேர். சுய உதவிக் குழு இருபதைத் தாண்டாததற்கு 1956ஆம் ஆண்டு நிறுவனச் சட்டமும் ஒரு காரணம். இருபது பேருக்கு மேல் சேர்ந்து பதிவின்றித் தொழில் நடத்துவதை அச்சட்டம் அனுமதிக்கவில்லை. ஆயினும் சட்டம் இல்லாவிட்டாலும் இந்த எண் பொருத்தமானதே.

கணக்கிட்டுப் பார்த்தால் விளங்கும். கூட்டம் ஒன்றரை மணி நேரம், அதாவது 90 நிமிடம் நடப்பதாகக் கொள்வோம். பதினெட்டுப் பேர் இருந்தால் ஆளுக்கு 5 நிமிடம். அறுபது பேர் இருந்தால் ஆளுக்கு ஒன்றரை நிமிடம். ஒன்றரை நிமிடத்தில் தம் வயலில் கண்டதை ஒருவர் சொல்லி முடிக்க முடியாது. எனவே பெரும்பாலோர் பேச்சை விட்டுவிடுகின்றனர். பழகிய நாலு பேர் அந்த நேரத்தை எடுத்துக்கொள்கின்றனர். இதில் அந்த நாலு பேரின் குற்றம் மிகக் குறைவு.

குழு பெருகும்போது முதலில் விலகுபவர் யார் என்பதையும் கவனிக்க வேண்டும். சண்டை போடுபவர் விலகுவதில்லை. நன்றாகப் பயிர் செய்து, கேட்டால் மட்டும் சொல்லக்கூடிய, நேரத்தின் அருமை தெரிந்த உழவர்தான் சத்தமின்றி நின்றுவிடுகிறார். அவர் வராததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. ஒரு பருவம் சென்ற பிறகுதான் குழுவில் கேள்விகள் மட்டும் இருக்கின்றன, விடை சொல்ல ஆள் இல்லை என்பது தெரிகிறது. வருகைப் பதிவேட்டில் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காமல், தொடக்கத்தில் இருந்தவர்களுள் எத்தனை பேர் இன்னும் வருகின்றனர் என்று பார்ப்பது நலம்.

நான் பட்ட பாடு

இனி என் சொந்த அனுபவம். சில ஆண்டுகளுக்கு முன் மலைக்காய்கறி உழவர்களுக்காக வாட்ஸ்அப்பில் ஒரு குழுவை நான் பொறுப்பேற்று நடத்தி வந்தேன். தொடக்கத்தில் முப்பது பேர். நோயுற்ற இலையின் படத்தை ஒருவர் காலையில் அனுப்பினால் நண்பகலுக்குள் விடை கிடைத்துவிடும். பயன் தெரிந்ததும், கேட்டவரையெல்லாம் சேர்த்தேன். எண்ணிக்கை இருநூறைத் தாண்டியபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. இப்போது ஒரு குழுவில் 1,024 பேர் வரை சேர்க்க அந்தச் செயலி இடம் தருகிறது. இடம் தருகிறது என்பதற்காகச் சேர்த்தாக வேண்டும் என்பதில்லை என அப்போது எனக்குத் தோன்றவில்லை.

மூடுபனி தொடர்ந்த ஒரு வாரத்தில், ஓர் உழவர் தம் உருளைக்கிழங்குச் செடியின் படத்தை விடியற்காலையில் அனுப்பியிருந்தார். அது பின்பருவ இலைக்கருகல் நோய். அத்தகைய வானிலையில் இந்நோய் சில நாட்களிலேயே வயல் முழுவதையும் அழித்துவிடக் கூடியது. அவர் படத்தின் மேல் காலை வணக்கப் படங்கள், திருமண வாழ்த்து, டிராக்டர் விற்பனை, எங்கிருந்தோ வந்த அரசியல் பேச்சு எனப் பலவும் வந்து குவிந்துவிட்டன. விடை தெரிந்தவர்கள் கண்ணில் படம் படவில்லை. நான் தேர்வுப் பணியில் இருந்தேன். இரண்டு நாள் குழுவைத் திறந்து பார்க்கவில்லை. விடை சொன்னவர் ஒரே ஒருவர். "டேங்குக்கு மூணு மூடி ஊத்துங்க" என்று ஒரு மருந்தின் பெயரையும் எழுதியிருந்தார்.

அவருடைய தெளிப்பான் 16 லிட்டர் கொண்டது. கேட்டவருடையது 10 லிட்டர் கைத்தெளிப்பான். மூடியின் அளவும் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். மேலும் அது பூச்சிக்கான மருந்து, பூஞ்சணத்துக்கானது அன்று. இலைகள் மருந்தால் கருகின, நோயும் நிற்கவில்லை. ஐம்பது சென்ட் உருளைக்கிழங்கு போயிற்று. மருந்து சொன்னவர் கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. உதவ வேண்டும் என்றே சொன்னார். பாதிக்கப்பட்டவரிடம் வருத்தம் தெரிவிக்கச் சென்றபோது, "நீங்க இருக்கீங்கன்னு நம்பித்தான் சார் கேட்டேன்" என்றார். அச்சொல்லை நான் மறக்கவில்லை.

அதன் பிறகு அக்குழுவில் மூன்று வழக்கங்களைக் கொண்டு வந்தோம். மருந்தளவை லிட்டருக்கு இத்தனை கிராம், இத்தனை மில்லி என்றுதான் சொல்ல வேண்டும். மூடி, டேங்கு என்ற பேச்சு கூடாது. மருந்தைப் பெயரிட்டுச் சொல்பவர் அதன் டப்பாவில் ஒட்டிய சீட்டையும் படமெடுத்துப் போட வேண்டும். பரிந்துரை ஒன்று இருந்தால் அதையே முதலில் சொல்ல வேண்டும். எடுத்துக்காட்டாக, இந்நோய்க்கு நடவு செய்த 45, 60, 75ஆம் நாட்களில் மாங்கோசெப் மருந்தை லிட்டருக்கு 2 கிராம் வீதம் கலந்து தெளிப்பது. வாழ்த்துக்கும் விற்பனைக்கும் வேறொரு குழு தொடங்கிக் கொடுத்தோம். அதில் இன்றும் நல்ல கூட்டம்!

விற்பனையைத் தனியே வைத்ததற்கு வேறொரு காரணமும் உண்டு. உருளைக்கிழங்கில் முட்டைக்கூடு நூற்புழு நீலகிரியில் 1961இலும், கொடைக்கானல் மலைப் பகுதியில் 1983இலும் கண்டறியப்பட்டது. இதன் கூடுகள் மண்ணில் இருபது ஆண்டுகளுக்கு மேலும் உயிரோடு கிடக்கக் கூடியவை. குழு நண்பர் மலிவாகத் தருகிறாரே என்று, எந்த நிலத்தில் விளைந்தது எனக் கேட்காமல் விதைக்கிழங்கு வாங்கினால், கிழங்கோடு ஒட்டிய மண்ணில் நூற்புழுவும் வந்து சேரும். நட்பின் பேரால் இக்கேள்வியைக் கேட்கத் தயங்குபவர் பலர். கேட்டே ஆக வேண்டும் என்று குழுவின் வழக்கமாகவே வைத்துவிட்டால் எவருக்கும் மனத்தாங்கல் வராது.

அமைப்பாளர் எப்படிப்பட்டவராக இருக்க வேண்டும்

தென் மாவட்டங்களின் கண்மாய்ப் பாசன ஊர்களில் நீர்பாய்ச்சி என்றொருவர் உண்டு. மடையைத் திறப்பதும், வயல்களுக்கு முறை வைத்து நீர் விடுவதும் அவர் வேலை. பல ஊர்களில் அந்த ஆயக்கட்டில் சொந்த நிலம் இல்லாதவரையே இப்பணிக்கு வைத்தனர். தம் வயல் என்று ஒன்று இருந்தால் கை அந்தப் பக்கம் சாயும் என்பது முன்னோர் கணக்கு.

விவாதக் குழுவின் அமைப்பாளரும் பேச்சை முறை வைத்துப் பாய்ச்சுபவரே. ஊரில் பெரிய நிலக்காரர், கட்சிப் பொறுப்பில் உள்ளவர், உர மருந்துக் கடை வைத்திருப்பவர் ஆகியோர் நல்லவராகவே இருந்தாலும் இப்பொறுப்புக்கு ஏற்றவர் அல்லர் என்பது என் கருத்து. அவர்கள் உறுப்பினராக இருந்து பேசட்டும். எழுதப் படிக்கத் தெரிந்த, பொறுமையுள்ள, தம் பேச்சைக் குறைத்துக்கொள்ளக்கூடிய நடுத்தர உழவர் ஒருவர் போதும். அவர் கூட்டத்தைத் தொடங்கும்போது, வழக்கமாகப் பேசாதவர் பக்கமிருந்து தொடங்குவது நலம். "உங்க பூண்டு எப்படி இருக்கு?" என்று ஒரு கேள்வி போதும். நீளமாகப் பேசுபவரை, "அண்ணே, இதை எழுதிக்கிட்டேன், அடுத்து அவரையும் கேட்டுக்குவோம்" என்று மரியாதையாக நிறுத்தலாம். எழுதிக்கொண்டேன் என்பது பொய்யாக இருக்கக் கூடாது. உண்மையிலேயே எழுத வேண்டும்.

கட்டுப்பாட்டை மீறுபவரைத் திருத்துவதில் அவசரம் கூடாது. பொதுச் சொத்துகளைக் கிராம மக்களே நெடுங்காலம் காத்து வந்த முறைகளை ஆராய்ந்த எலினார் ஆஸ்ட்ராம் என்ற அம்மையார், 2009இல் பொருளியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். ஸ்பெயின் நாட்டுப் பாசன வாய்க்கால்கள், சுவிட்சர்லாந்து மலை மேய்ச்சல் நிலங்கள் முதலியவற்றை அவர் எடுத்துக்காட்டுகிறார். நெடுநாள் நிலைத்த அமைப்புகளில் முதல் தவற்றுக்குத் தண்டனை மிகச் சிறிது என்றும், தவறு தொடர்ந்தால்தான் அது படிப்படியாக ஏறும் என்றும் அவர் கண்டார். விதிகளை அவற்றுக்கு உட்படுபவர்களே கூடி வகுத்துக்கொண்டதும் அவர் கண்ட மற்றொரு பொது இயல்பு.

நம் குழுவுக்கு இதனை இவ்வாறு பொருத்தலாம். முதல் முறை, அமைப்பாளர் மட்டும் தனியே, வரப்பிலோ தேநீர்க் கடையிலோ சொல்லட்டும். அடுத்த முறை, மூத்தவர் ஒருவரையும் உடன் அழைத்துச் செல்லட்டும். அதற்கும் கேளாவிட்டால் கூட்டத்தில் எடுத்துப் பேசலாம். கடைசியாக, ஒரு பருவம் மட்டும் குழுவுக்கு வர வேண்டாம் எனலாம். பருவம் முடிந்ததும் அமைப்பாளரே போய் அழைக்க வேண்டும். ஒரே ஊரில் மாமன் மச்சானாக வாழ்பவர்களை எல்லார் முன்னும் முதலிலேயே குறை கூறினால், குழுச் சண்டை குடும்பச் சண்டையாகிவிடும். ஊர்விலக்கு என்னும் கொடுமைக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இருக்கக் கூடாது. குழுவில் அமரும் இடம் மட்டுமே குழுவுக்கு உரியது. தண்ணீர்ப் பங்கு, கோயில், நல்லது கெட்டது எதிலும் குழு தலையிடக் கூடாது.

பெண்களைப் பற்றி ஒரு சொல். பூண்டில் களையெடுப்பதும், அறுவடைக்குப் பின் தரம் பிரிப்பதும் பெரும்பாலும் அவர்கள் கையில்தான். நோயை முதலில் காண்பவரும் அவர்களே. ஆனால் குழுப் பட்டியலில் ஆண்கள் பெயரே நிறைந்திருக்கும். இரவு ஏழு மணிக்குக் கூட்டம் வைத்தால் அடுப்பை விட்டு யார் வர முடியும்? கூட்ட நேரத்தை மாற்றினாலே இக்குறை பாதி தீரும்.

அறுபதை மூன்றாக்குதல்

பூண்டை முழுதாக நட்டால் ஒரே குழியில் முளைகள் நெருங்கி எதுவும் பருக்காது. பல்லாகப் பிரித்து நட வேண்டும். போளூர் உழவர்களுக்கு இதை நான் சொல்லத் தேவையில்லை. அறுபது பேர் கொண்ட குழுவையும் அவ்வாறே பிரிக்க வேண்டும்.

நம் மாநிலத்தில் 2017-18இல் தொடங்கிய கூட்டுப் பண்ணையத் திட்டத்தில் இம்முறையே கையாளப்பட்டது. இருபது சிறு, குறு உழவர்கள் சேர்ந்து ஓர் உழவர் ஆர்வலர் குழு. அத்தகைய ஐந்து குழுக்கள் சேர்ந்து நூறு பேர் கொண்ட ஓர் உழவர் உற்பத்தியாளர் குழு. பேசுவதற்கு இருபது பேர். பண்ணைக் கருவி வாங்கவும், மொத்தமாக இடுபொருள் பெறவும் நூறு பேர். இரண்டு வேலைக்கும் இரண்டு அளவு வைத்தது பொருத்தமே.

பிரிக்கும்போது பக்கத்துப் பக்கத்து நிலக்காரர்கள் ஒரு குழுவில் வருமாறு பார்க்க வேண்டும். ஒரே ஓடை நீரைப் பாய்ச்சுபவர்களுக்கு ஒரே வகைச் சிக்கல்தான் வரும். சாதி, கட்சி, உறவு பார்த்துப் பிரித்தால் அது விவாதக் குழுவாக இராது. தொடக்கத்தில் இருந்த பதினெட்டுப் பேரையும் ஒரே குழுவில் விடாமல், குழுவுக்கு ஆறு பேராகப் பகிர்ந்து வைப்பது முக்கியம். பாலுக்கு உறை ஊற்றுவது போல, பழைய குழுவின் நல்ல பழக்கம் புதிய குழுவுக்கு அவர்கள் மூலமே போய்ச் சேரும். மூன்று அமைப்பாளர்களும் மாதம் ஒருமுறை சந்தித்துக் குறிப்பேடுகளை மாற்றிப் படித்துக்கொள்ளட்டும். பருவத்துக்கு ஒருமுறை அறுபது பேரும் ஒன்றாகக் கூடலாம். அன்று வெளியிலிருந்து ஒருவரை அழைத்துப் பேசச் செய்யலாம்.

மலைப் பகுதியில் பூண்டு நடவு ஜூன்-ஜூலையில் தொடங்குவதால், பிரிக்கும் வேலையை மே மாதத்திலேயே முடித்துவிடுவது நல்லது. வேலை நெருக்கும் நாட்களில் இதற்கு ஒருவருக்கும் பொழுதிராது. அதன் பின் புதிதாகச் சேர விரும்புவோரைப் பருவத்துக்கு இரண்டு மூன்று பேருக்கு மேல் சேர்க்க வேண்டாம். முதல் இரண்டு கூட்டங்களுக்கு அவர்கள் பழைய உறுப்பினர் ஒருவருடன் விருந்தினராக வந்து அமரட்டும். குழுவின் வழக்கம் என்ன என்பதை அவரே பக்கத்தில் இருந்து சொல்லித் தரலாம்.

குறிப்பேட்டில் தேதி, வந்தவர் பெயர், பேசிய பொருள், தீராத ஐயம், யார் தம் வயலில் எதைச் செய்து பார்க்க ஒப்புக்கொண்டார் என்பவை இருந்தால் போதும். கடைசியாகச் சொன்னதைத் தவறாமல் எழுதுங்கள். அடுத்த கூட்டத்தின் முதல் கேள்வி அதுதான். தீராத ஐயங்களை அஞ்சலட்டையில் எழுதி வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலருக்கோ, ஆராய்ச்சி நிலையத்துக்கோ அனுப்பி, வந்த விடையைக் கூட்டத்தில் உரக்கப் படிக்க வேண்டும். விடை வராவிட்டால் அதையும் சொல்லிவிட வேண்டும்.

இவற்றையெல்லாம் போளூர்ப் பெரியவருக்குக் கடிதமாக எழுதினேன். மூன்றாகப் பிரிக்கச் சம்மதம் என்று பதில் எழுதியிருந்தார். கூடவே, மூன்று இடத்தில் கூடினால் தேநீர்ச் செலவை யார் ஏற்பது, மாதச் சந்தா வைக்கலாமா என்றும் கேட்டிருந்தார். சந்தா வேண்டாம். விவாதக் குழுவில் பணம் புகுந்தால் பயிரைப் பற்றிய பேச்சு போய்க் கணக்கைப் பற்றிய பேச்சு வந்துவிடும். பணம் சேர்க்க வேண்டுமானால் அதற்குத் தனியே கணக்கும் வங்கிப் புத்தகமும் கொண்ட குழுக்கள் இருக்கின்றன. கூட்டத்தை ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவர் வீட்டில் முறை வைத்து நடத்தினால், இருபது கூட்டத்துக்கு ஒருமுறைதான் ஒருவருக்குத் தேநீர்ச் செலவு வரும். அவர் வயலையும் அன்றே எல்லாரும் போய்ப் பார்த்துவிடலாம்.